ஊர் மாறினால் பேச்சும் மாறுமா? இரும்புலியூரில் ஒலிக்கும் நாலு ஊர்த் தமிழ்!

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாகப் பத்து நிமிடம் நில்லுங்கள். பாதி தமிழ்நாட்டின் பேச்சு காதில் விழுந்துவிடும்!

"ஏலே, பையை எடுலே" என்றால் அவர் திருநெல்வேலி. "அவய்ங்க எங்கடா?" என்று தேடுபவர் மதுரை. "ஏனுங்க, பஸ் வருமுங்களா?" என்றால் கோவைப் பக்கம். "இன்னாபா, எங்க போவணும்?" என்று கேட்டால் அவர் அசல் மெட்ராஸ்.

தெற்கே இருந்து வருகிறவர்களுக்குத் தாம்பரம்தான் பட்டணத்தின் வாசல். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் இதே ரோட்டில் திறக்கப்பட்டது. வேலை பட்டணத்தில், வீடு இந்தப் பக்கம் என்று குடியேறியவர்கள் ஏராளம்.

அவர்களுடைய ஊர்ப்பேச்சு என்ன ஆகிறது?

முதலில் மாறுவது சொல்

நெல்லைக்காரர் இடுப்பில் கட்டுவது 'சாரம்'. மதுரையில் அதுவே 'கைலி'. இங்கே 'லுங்கி'. கடையில் போய் "சாரம் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். மறுநாளே 'லுங்கி' வாயில் வந்துவிடும்.

ஆனால் நாக்கு அவ்வளவு லேசில் மாறாது! வாழைப்பழம் தெற்கத்திக்காரருக்கு 'வாளப்பளம்'. பழைய மெட்ராஸ்காரருக்கு 'வாயப்பயம்'. இருபது வருஷம் இங்கே குப்பை கொட்டினாலும், அந்த 'ள' ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஏழு வயசுக் கணக்கு

கனடாவிலிருந்து இங்கிலாந்தில் குடியேறிய பிள்ளைகளின் பேச்சை ஜாக் சேம்பர்ஸ் என்ற மொழி அறிஞர் ஆராய்ந்து, 1992-ல் முடிவை வெளியிட்டார். ஏழு வயதுக்குள் வந்த பிள்ளை புது ஊர்ப் பேச்சை அப்படியே பிடித்துக்கொள்ளும். 14 வயது தாண்டிவிட்டால் முழுசாக வருவது சந்தேகம்தான்.

அதனால்தான் அப்பா "வாரேம்லா" என்கிறார், மகன் "வரேம்பா" என்கிறான். ஒரே வீடு, இரண்டு பேச்சு!

மளிகைக் கடை அண்ணாச்சிகளைக் கவனியுங்கள். வாடிக்கைக்காரரிடம் "என்னா சார் வேணும்?" என்பார்கள். ஊரிலிருந்து போன் வந்தால் "எப்பிடி இருக்கிய? அங்கன மழை உண்டா?" என்பார்கள். இது வேஷம் அல்ல. எதிரே இருப்பவருக்குத் தகுந்தபடி பேச்சு தானாகவே வளையும்.

கேலி வேண்டாம்

'பட்டிக்காட்டுப் பேச்சு' என்று வகுப்பில் நாலு பேர் சிரித்தால், பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வேலை கேட்டுப் போகும் இடத்திலும் பேச்சை வைத்து ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு.

மெட்ராஸ் பாஷையும் கேலிக்குத் தப்பவில்லை. 'பேஜார்', 'நாஷ்டா' எல்லாம் உருது வழியாக வந்த சொற்கள். பல ஜனங்கள் கலந்து வாழ்ந்ததற்கு அவைதான் சாட்சி. இதில் இளக்காரம் என்ன?

கோவில்பட்டி பக்கம் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், கரிசல் காட்டுச் சொற்களைச் சேர்த்து 1982-ல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். சம்சாரிகள் வாயில் இருந்த சொற்கள் புத்தகம் ஏறின.

பிள்ளை தெருவில் "இன்னாபா" என்று பேசட்டும். அது பிழைக்கிற ஊர்ப் பேச்சு. வீட்டிலே ஊர்ப்பேச்சும் காதில் விழட்டும். லீவுக்குப் போகும்போது ஆச்சி சொல்லும் கதை பேரனுக்குப் புரியாமல் போனால், நஷ்டம் இரண்டு பேருக்கும்தான்!