பாட்டாளிக்குப் புரியாதா?

"அயல்நாட்டுப் படமா? அது படித்தவர்க்கு! பாட்டாளிக்குப் புரியாது!" என்கின்றனர் சில மேதாவிகள். திருவண்ணாமலைத் தேரடி வீதியிலே மூட்டை சுமக்கும் தோழனுக்கு, சைக்கிள் போனால் சோறு போகும் என்பதை உணர இத்தாலிய மொழியா தெரிய வேண்டும்?

1948-ல் டி சிகா எடுத்த ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ சொல்வது அதைத்தான். சுவரொட்டி ஒட்டும் வேலை. அதற்குச் சைக்கிள் தேவை. படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகிலிருந்த சைக்கிளை மீட்கிறாள் மனைவி. முதல் நாளே களவு போகிறது! தேடி அலுத்த தகப்பன், கடைசியில் தானே திருடத் துணிகிறான், பிடிபடுகிறான். கண்டு அழுத சிறுவன், தகப்பன் கையைப் பற்றுகிறான். நாம் கலங்கினோம். குற்றவாளி அவனா? அவனைத் துரத்திய வறுமையா? நாயகனாக நடித்தவரும் நட்சத்திரமல்லர், ஆலைத் தொழிலாளி!

மட்டக்களப்பிலே பிறந்த பாலு மகேந்திரா, இளமையில் அப்படத்தைக் கண்டார். பூனாவில் திரைக்கலை மாணவராகி, 1969-ல் தேறினார். 1988-ல் ‘வீடு’ தந்தார். பாட்டில்லை, சண்டையில்லை, சொந்தக் கூரைக்குப் போராடும் ஒரு பெண்ணின் கதை. ரோம் நகரத்துச் சைக்கிள், சென்னையிலே வீடாயிற்று!

தோழர்களே! 1949-ல் ‘வேலைக்காரி’யையும் 1952-ல் ‘பராசக்தி’யையும் புரிந்துகொண்டு பொங்கியெழுந்த கூட்டமல்லவா நாம்? ஏடு படிக்கப் படிப்பகம் கண்ட இயக்கமல்லவா நம்முடையது? அந்தப் படிப்பகத்திலே மாதம் ஒரு மாலை வெள்ளைத் திரை கட்டுங்கள். கதையைத் தமிழில் எடுத்துச் சொல்லிப் படத்தை ஓட்டுங்கள். முடிந்ததும் மூட்டை சுமக்கும் தோழன் முதலில் பேசட்டும். மேதாவிகள் வந்து கேட்கட்டும்!