சென்னையிலிருந்து சீமைக்குப் போன சிவிங்கி

கம்பெனிச் சேனை மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டு, கான்சாகிபு என்று நம் ஜனங்கள் இன்றும் பேசும் யூசுப்கானை 1764 அக்டோபர் 15-ஆம் தேதி தூக்கிலேற்றிய அதே வருஷத்தில், அவரிடம் மதுரை நிர்வாகம் ஒப்படைக்கப்பட்ட காலத்தில் சென்னைக் கவர்னராயிருந்து தாயகம் திரும்பிய ஜார்ஜ் பிகட், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கிய சிவிங்கிப்புலியை வின்ட்ஸர் பூங்காவில் ஒரு கலைமான்மீது ஏவிப் பார்த்தார்கள். மான் அஞ்சவில்லை, கொம்பால் முட்டிச் சிவிங்கியை விரட்டியடித்தது.

பிகட்டின் விருப்பப்படி ஜார்ஜ் ஸ்டப்ஸ் அச்சிவிங்கியைத் தீட்டி, 1765-இல் 'வேட்டைப்புலி' என்ற பெயரில் லண்டனில் காட்சிக்கு வைத்த தைலவண்ணச் சித்திரம், ஆறடி உயரமும் ஒன்பதடி அகலமுமாக, இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. தலைப்பாகையும் வெள்ளை அங்கியும் தரித்த இந்தியப் பணியாளர் இருவரில் ஒருவர், சிவிங்கியின் சிவப்பு முகமூடியை நெற்றிக்கு மேலே விலக்கி, இடுப்பில் கட்டிய கச்சையைப் பற்றியிருக்க, மற்றவர் எதிரே நிற்கும் மானைக் கை நீட்டிக் காட்டுகிறார். மாதக்கணக்கில் குதிரைகளை அறுத்து எலும்பையும் தசையையும் கற்றவராதலால், பாயுமுன் உடம்பெல்லாம் ஒருமுகப்படும் அந்த க்ஷணம் ஸ்டப்ஸின் தூரிகைக்குத் தப்பவில்லை.

தப்பியது நிலம். பின்னணியிலுள்ள பாறையும் மரங்களும், இந்தியாவையே காணாத ஒருவர் மனத்தில் கற்பித்துக்கொண்டவை. அடர்ந்த வனாந்தரம் வேங்கைக்கு உரியது. சிவிங்கிக்கோ, மதுரையைச் சுற்றி உடைமரமும் கள்ளியுமாகக் காய்ந்து கிடக்கும் சமவெளி போன்ற, ஓட இடமும் வெளிமான் கூட்டமும் உள்ள திறந்த பூமியே பொருந்தும். அடைத்து வைத்த இடத்தில் அது குட்டி ஈனுவது அபூர்வமாகையால், ராஜாக்களின் வேட்டைக்குத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிலிருந்தே பிடித்து வந்தார்கள். மேய்ச்சல் வெளிகளும் உழவுக்குப் போயின. 1952-இல் இந்தியாவில் அவ்வினமே அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து தருவித்து மத்தியப் பிரதேசத்துக் குனோவில் விட்டவை ஆப்பிரிக்கச் சிவிங்கிகள்.

வேங்கைக்கு நம் பக்கத்தில் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காப்பகம் உண்டு. வெளிமானுக்குத் தெற்கே வல்லநாட்டில் ஒரு சரணாலயம் உண்டு. மற்ற வெட்டவெளியெல்லாம் கல் நட்டு மனையாக்கக் காத்திருக்கும் வீண்நிலமென்றே எண்ணிவிட்டோம். நம் பூமியைப் பாராமல் தீட்டிய சீமைச் சித்திரக்காரரின் பிழை ஒரு துணியோடு முடிந்தது. அன்றாடம் பார்த்துக்கொண்டே அதை மதியாதிருக்கும் நம் பிழையோ, இன்னும் எத்தனை பிராணிகளின் வம்சத்தோடு முடியுமோ!