ஊர்ப் பணமும் ஊரார் குரலும்

மார்ச் மாதம் முடிந்து ஏப்ரல் பிறக்கும் வேளையில் நியூயார்க் நகரில் குளிர் மெல்ல விலகுகிறது. பல மாதங்களாகப் பட்டுப்போனவைபோல் நின்ற தெருமரங்கள் பூக்கத் தொடங்குகின்றன. கனத்த கம்பளி ஆடைகளைக் களைந்துவிட்டு முதியோரும் குழந்தைகளும் மீண்டும் பூங்காக்களை நாடி வருகின்றனர். அதே நாள்களில் வீட்டு அஞ்சற்பெட்டிகளில் மடித்த தாள் ஒன்றும் வந்து விழுவதுண்டு. அவ்வட்டாரத்தின் நகர மன்ற உறுப்பினர் தம் தொகுதி மக்களுக்கு விடுக்கும் இளவேனில் மடல் அது.

நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலருடைய கைக்கும் இத்தகைய மடல் வந்திருக்கலாம். ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்பால் வைத்திருப்பர். அதில் அப்படி என்ன பெருஞ்செய்தி? வருமான வரிப் படிவம் நிரப்ப ஏழைகளுக்கு இலவச உதவி. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் கணிப்பொறிகளையும் கொண்டுவந்து ஒப்படைக்க ஒரு நாள். தெருமரங்களின் அடியில் மண் கொத்தித் தழை உரமிடத் தொண்டர்கள் தேவை என்னும் வேண்டுகோள். விடுமுறையில் வேலை நாடும் மாணவருக்கு ஓர் அறிவிப்பு. இறுதியில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை வாக்களிக்க வாருங்கள் என ஓர் அழைப்பு.

இச்சிறு செய்திகளின் பின்னே பெரியதொரு கேள்வி நிற்கிறது. ஊர்ப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று சொல்லும் உரிமை யாருடையது? அதனைச் சற்று ஆராய்வோம்.

தொகுதியும் அதன் பருவமும்

நியூயார்க் நகர மன்றத்தில் 51 உறுப்பினர் உள்ளனர். முன்னர் 35 பேரே இருந்தனர். சிறுபான்மை மக்களும் தம்முள் ஒருவரைத் தேர்ந்து அனுப்பும் வாய்ப்புப் பெற வேண்டும் என்னும் கருத்தோடு 1991ஆம் ஆண்டுத் தேர்தலில் இவ்வெண்ணிக்கை கூட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 88 இலட்சம். ஆகவே, ஒரு தொகுதிக்குச் சராசரியாக 1,72,000 பேர். ஒரு நகராட்சிக்கு ஈடான மக்கள்திரள் இது.

நகரின் நிதியாண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. மேயர் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் வரைவையும், இளவேனிலில் விரிவான வரைவையும் மன்றத்தின் முன் வைப்பார். ஜூன் முடிவதற்குள் மன்றம் அதனை நிறைவேற்றியாக வேண்டும். ஆகவே, அந்நகரில் இளவேனில் என்பது மரங்கள் பூக்கும் பருவம் மட்டுமன்று. பணம் பங்கிடப்படும் பருவமுமாகும்.

சமூக வாரியங்களுக்குப் புதிய உறுப்பினர் பொறுப்பேற்பதும் ஏப்ரலில்தான். நகரெங்கும் 59 வாரியங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 50 பேர் வரை இருக்கலாம். ஊதியம் கிடையாது. நகரின் ஐந்து பெரும் பிரிவுகளின் தலைவர்கள் இவர்களை நியமிக்கின்றனர். அவருட் பாதிப்பேர் நகர மன்ற உறுப்பினரின் பரிந்துரையால் வருபவர்கள். புதிய கட்டடம், மதுக்கடை உரிமம், சாலை மாற்றம் ஆகியவை பற்றி இவ்வாரியங்கள் கருத்துரைக்கின்றன. முடிவெடுக்கும் அதிகாரம் இவற்றுக்கு இல்லை. எனினும், பொதுமக்கள் எழுந்து நின்று பேசக்கூடிய அவை இதுவே. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 16 வயது நிரம்பிய இளைஞரும் இதில் உறுப்பினராகலாம்.

ஒரு தெருவின் கதை

குவீன்ஸ் பகுதியில் ஜாக்சன் ஹைட்ஸ் என்றோர் இடம் உண்டு. தென் அமெரிக்க நாடுகளிலிருந்தும் இந்தியா, வங்காளதேசம், நேபாளம், திபெத்து முதலிய இடங்களிலிருந்தும் வந்தோர் நெருங்கி வாழும் வட்டாரம் அது. 2020ஆம் ஆண்டு இளவேனிலில் கொரோனா பெருந்தொற்று அவ்வட்டாரத்தையும் அதனை அடுத்த எல்ம்ஹர்ஸ்ட், கொரோனா ஆகிய பகுதிகளையும் மிகக் கொடுமையாகத் தாக்கியது. சிறு வீடுகளில் பலர் நெருங்கி வாழ்ந்தனர். வெளியே காற்று வாங்கப் பூங்காவும் போதிய அளவில் இல்லை. அந்நிலையில், 34ஆம் நிழற்சாலையை நாள்தோறும் பகல் நேரத்தில் வண்டிகளுக்கு அடைத்து மக்களுக்குத் திறந்துவிட நகராட்சி இசைந்தது.

இசைவு தந்தது நகராட்சி. காலையில் தடுப்புகளை எடுத்து வைத்ததும் மாலையில் அகற்றியதும் அத்தெருவார். நாளடைவில் அங்கே குழந்தைகளின் விளையாட்டும், புதிதாய் வந்தோர்க்கு ஆங்கில வகுப்பும், நடனப் பயிற்சியும் நடைபெறலாயின. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அத்தெரு, கதவுக்குக் கதவு அறியாதிருந்தோரை அறிமுகப்படுத்திற்று. வண்டி நிறுத்த இடமில்லை என்றும், அவசர ஊர்திகளுக்குத் தடை என்றும் எதிர்த்தோரும் அங்கு உண்டு. அவர்களும் அதே கூட்டங்களுக்கு வந்து பேசினர். ஒரு தெரு தன்னைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளும்போது பூசல் இல்லாமல் இருப்பதில்லை. பூசலுக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்போர்க்குத் தெருவும் இல்லை.

பத்து இலட்சம் டாலர்

இனி, மடலின் இறுதியில் உள்ள வாக்களிப்பு அழைப்புக்கு வருவோம். இது மேயரையோ மன்ற உறுப்பினரையோ தேர்ந்தெடுக்கும் தேர்தலன்று. பணிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு. பங்கேற்பு வரவுசெலவுத் திட்டம் என இதனை அழைப்பர். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989ஆம் ஆண்டு இம்முறை தோன்றிற்று. அமெரிக்காவில் முதன்முதலாக 2009ஆம் ஆண்டு சிகாகோ நகரின் 49ஆம் வட்ட உறுப்பினரான ஜோ மூர் என்பார், தம் பொறுப்பிலிருந்த 13 இலட்சம் டாலரை மக்கள் முடிவுக்கு விட்டார். 2011ஆம் ஆண்டு நியூயார்க்கில் நான்கு மன்ற உறுப்பினர் இதனைப் பின்பற்றினர். அவர்களுள் மூவர் ஜனநாயகக் கட்சியினர். ஒருவர் குடியரசுக் கட்சியினர். 2017ஆம் ஆண்டளவில் 31 தொகுதிகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர்.

செயல்முறை எளியது. இதில் சேரும் உறுப்பினர், தம் விருப்பப்படி ஒதுக்கக்கூடிய நிதியிலிருந்து குறைந்தது 10 இலட்சம் டாலரை ஒதுக்கி வைக்கிறார். இலையுதிர் காலத்தில் மக்கள் கூடித் தம் தேவைகளைச் சொல்கின்றனர். குளிர்காலம் முழுவதும் தொண்டர்கள் அவற்றை ஆராய்ந்து, நகராட்சித் துறைகளிடம் விலை கேட்டு, நடக்கக்கூடியவற்றைப் பட்டியலிடுகின்றனர். இளவேனிலில் நூலகம், பள்ளி, பூங்கா ஆகிய இடங்களில் வாக்குப் பெட்டி வைக்கப்படுகிறது. பணி என்பது கட்டடம், கருவி போன்று நிலைத்து நிற்பதாக இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயன்தர வேண்டும்.

வாக்களிப்போர் யார் என்பதே இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. அத்தொகுதியில் வாழும் எவரும் வாக்களிக்கலாம். குடியுரிமை கேட்பதில்லை. தொடக்கத்தில் உயர்வாக இருந்த வயது வரம்பு படிப்படியாகக் குறைந்து 11 ஆயிற்று. வாக்குச்சீட்டு ஸ்பானியம், சீனம், வங்காளம், கொரிய மொழி எனப் பல மொழிகளில் அச்சாகிறது.

இதன் அருமையை உணர மற்றொரு செய்தியை அறிதல் வேண்டும். முறையான வதிவிடமோ வேலை உரிமமோ பெற்ற அயல்நாட்டினர் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நகர மன்றம் சட்டமியற்றியது. 8 இலட்சம் பேருக்கு அதனால் வாக்குரிமை கிட்டியிருக்கும். ஆனால், அச்சட்டம் மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாநிலத்தின் உச்ச முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. வரி கட்டியும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியும், ஊருக்கு உழைத்தும் வாழும் அம்மக்களுக்கு, தம் கருத்தைச் சீட்டில் குறித்துப் பெட்டியில் இட எஞ்சியுள்ள வாய்ப்புகள் மிகச் சில. அவற்றுள் இவ்விளவேனில் வாக்கும் ஒன்று.

கழிவறைக்கு வாக்கா?

முதல் வாக்கெடுப்பு 2012ஆம் ஆண்டு இளவேனிலில் நடைபெற்றது. புரூக்ளினில் 39ஆம் தொகுதி மக்கள் தேர்ந்தவற்றுள் ஒன்று, பொதுப் பள்ளி ஒன்றின் பழுதடைந்த கழிவறைகளைச் செப்பனிடும் பணி. பின்வந்த ஆண்டுகளிலும் பல தொகுதிகளில் பள்ளிக் கழிவறைகள் மீண்டும் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றன. சிலைகளும் வளைவுகளும் அன்று. தம் பிள்ளைகள் நாணமின்றி நுழையக்கூடிய கழிவறை. பெற்றோர் கேட்டது அதுவே.

இங்குச் சிலர் நியாயமானதொரு வினாவை எழுப்பினர். பள்ளியில் ஒழுங்கான கழிவறை என்பது பிள்ளைகளின் உரிமையன்றோ? அதற்காகத் தாய்மார் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்க வேண்டுமா? வாக்குத் திரட்ட நேரமும் ஆளும் உள்ள பள்ளி வென்று, இரண்டு வேலை பார்க்கும் ஏழைத் தாயின் பிள்ளை படிக்கும் பள்ளி தோற்பின், அது நீதியாகுமா? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும், அவ்வாக்குகள் வீண்போகவில்லை. ஆண்டுதோறும் இதே குறை மேலெழுந்து வரவே, நகரின் கல்வித்துறை கழிவறைச் சீரமைப்புக்கான தன் ஒதுக்கீட்டை உயர்த்தியது. வாக்குப் பெட்டி ஒரு பள்ளிக்குப் பணம் தந்தது. பல பள்ளிகளின் குறையை வெளிச்சத்துக்கும் கொண்டுவந்தது.

வேறு குறைகளும் உள. இம்முறையில் சேர்வதும் சேராமையும் உறுப்பினர் விருப்பம். சேராத தொகுதிகளில் இவ்வாக்கு இல்லை. நகரின் ஆண்டுச் செலவு 10,000 கோடி டாலருக்கும் மேல். ஒரு தொகுதி மக்கள் பங்கிடும் 10 இலட்சம் டாலர் அதில் இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேர்ந்தெடுத்த பணி முடியவோ பல ஆண்டுகள் ஆகலாம். பதினொரு வயதில் வாக்களித்த சிறுமி, தான் கேட்ட விளையாட்டுத் திடலைக் காணும் முன்னரே அப்பள்ளியை விட்டுச் சென்றிருப்பாள்.

அப்படியானால் பயன் யாது? அச்சிறுமி ஒரு குளிர்காலம் முழுவதும் ஒன்றைக் கற்றிருக்கிறாள். நடைபாதை தானாக அமைவதில்லை; அதற்கு ஒரு விலை உண்டு; ஒன்றை வேண்டினால் மற்றொன்றைத் தள்ளிவைக்க நேரும்; தன் பள்ளிக்கு வேண்டியதும் அடுத்த தெரு முதியோர்க்கு வேண்டியதும் ஒரே பணத்திலிருந்துதான் வர வேண்டும். இவற்றை அறிந்த குழந்தை, பிற்காலத்தில் வெறும் வாக்குறுதிக்கு எளிதில் மயங்காது. தன் தேவையை மட்டுமே பேசும் பழக்கமும் அதற்கு வராது.

நம் இல்லங்களில் குடும்பச் செலவைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்கிறோம். ஊர்ச் செலவைப் பற்றியோ நாமே பேசுவதில்லை. பேசாத வீட்டில் வளரும் பிள்ளை, ஊர்ப் பணம் யாரோ ஒருவருடைய பணம் என்றே எண்ணி வளரும். அவ்வெண்ணம் பரவிய ஊரில் பணத்தைக் காப்பார் எவருமிலர்.

ஆகவே, அன்பு வாசகர்களே, அயல்நாட்டில் வாழும் உங்கள் மகனோ மகளோ அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, நலம் விசாரித்தபின் ஒரு வார்த்தை கேளுங்கள்: உங்கள் வட்டாரத்தில் இவ்விளவேனிலில் என்ன நடக்கிறது? எதற்கு வாக்களித்தீர்கள்? பேரப்பிள்ளைக்குப் பதினொரு வயது ஆயிற்றெனில் அப்பிள்ளையையும் கேளுங்கள். அஞ்சற்பெட்டியில் விழுந்த அத்தாளை அவர்கள் மறுபடி எடுத்துப் படிக்க அக்கேள்வியே போதும்.