எண் ஒன்று, காசு வேறு

1998க்குப் பிறகு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் கோலாலம்பூர் ரயில் ஏறியவர்கள், முதலில் மலேசியக் குடிநுழைவு அதிகாரிகளைத்தான் பார்த்தார்கள். சிங்கப்பூர் தன் சோதனைச் சாவடியை அந்த ஆண்டு ஆகஸ்டில் வடக்கே எல்லையோரம் உள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. மலேசியா அசையவில்லை. அதனால் பயணி மலேசியாவுக்குள் 'நுழைந்த' பிறகே சிங்கப்பூரை விட்டு 'வெளியேறினார்'.

கட்டணத்திலும் சிக்கல் இருந்தது. ஜொகூரிலிருந்து தெற்கே வர 10 ரிங்கிட் என்றால், அதே தூரம் வடக்கே போக 10 சிங்கப்பூர் வெள்ளி. அன்று வெள்ளிக்கு ரிங்கிட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மதிப்பு இருந்தது. சிங்கப்பூரில் டிக்கெட் எடுத்தவர் கையைத்தான் அது கடித்தது.

காரணம், சிங்கப்பூருக்குள்ளும் வழித்தடம் முழுவதும் மலேசியாவின் கையில் இருந்தது. 1903இல் சிங்கப்பூரில் ஓடத் தொடங்கிய ரயிலை, 1918இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வே நிலத்தோடு சேர்த்து வாங்கியது; குத்தகை 999 ஆண்டு. ஜொகூர் நீரிணைக்குக் குறுக்கே கடற்பாலம் எழுப்பிய செலவை அந்த மாநிலங்களும் ஜொகூரும் சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களும் பகிர்ந்துகொண்டன. 1923இல் அதன்மேல் ரயில் ஓடியது. அன்று எல்லாமே பிரிட்டிஷ் ஆதிக்கத்தின் கீழ் இருந்ததால், யாருடைய நிலம் என்று யாரும் கவலைப்படவில்லை. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது, அதன் நகர நடுவிலேயே மலேசியாவுக்கு நிலம் இருந்தது.

டிக்கெட் வருமானத்தைவிட அந்த நிலமே பெரிய சொத்து. 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் கையெழுத்திட்டார்கள்: தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் நிலங்களைக் கூட்டாக மேம்படுத்துவது, மலேசியாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூருக்கு 40. விகிதத்தில் தகராறே இல்லை. நிலையம் எப்போது இடம் மாற வேண்டும் என்பதில்தான் முக்கிய வாக்குவாதம். ஒப்பந்தம் உடனே நடப்புக்கு வந்தது என்றது சிங்கப்பூர். நாங்கள் முடிவெடுக்கும்போதுதான் என்றது மலேசியா. காலத்தைத் தெளிவாக எழுதாத ஒப்பந்தம் 20 ஆண்டுகளைத் தின்றது.

2010இல் மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். புக்கிட் தீமா பகுதியின் மூன்று துண்டுகளும் சேர்க்கப்பட்டன. ஆறு துண்டுகளுக்கும் மாற்றாக மெரினா சவுத், ஓஃபிர்–ரோச்சோர் நிலங்கள் கைமாறின. அங்கே கட்ட எம்+எஸ் என்ற கூட்டு நிறுவனம் அமைந்தது. மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூர் அரசின் தெமாசெக்குக்கு 40.

அப்போதும் ஒரு செலவு பாக்கி. முதல் மூன்று துண்டுகளுக்கான மேம்பாட்டுக் கட்டணம் 147 கோடி வெள்ளி. அதை எம்+எஸ் சிங்கப்பூருக்குச் செலுத்த வேண்டுமா? இரு நாடுகளும் சண்டை போடாமல் அனைத்துலக நடுவர் மன்றத்துக்குப் போயின. வேண்டியதில்லை என்று 2014இல் தீர்ப்பு வந்தது. சிங்கப்பூர் அதை ஏற்றுக்கொண்டது. கணக்கு தனக்கு எதிராக வந்தபோதும் ஏற்ற அந்தப் பண்பை, பங்கு பிரிக்கும் அண்டை நாடுகள் கவனிக்க வேண்டும்.

தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான். நிலைய முகப்பில் வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து எனும் நான்கு சிலைகள் இன்றும் நிற்கின்றன.

2015இல் உட்லண்ட்ஸுக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஐந்து நிமிடத்தில் கடக்கும் தெப்ராவ் ரயில் வந்தது. ஜொகூரிலிருந்து வர 5 ரிங்கிட் வைத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து போக 5 வெள்ளி.