கணனியின் சாவி யார் கையில்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, பதுளை மாவட்டத்தின் மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. இடம்பெயர்ந்தோர் பட்ட துன்பம் உயிரிழப்போடு முடிவதில்லை. அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் மண்ணுக்குள் போனபின், நாம் யார் என்பதை அலுவலகப் பதிவைக் கொண்டே நிரூபிக்க வேண்டியுள்ளது. இன்று அந்தப் பதிவுகளிற் பல கணனிக்குள் இருக்கின்றன. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரு சங்கம் உறுப்பினர் பட்டியலைக் கணனியில் வைத்தாலும் இதே நிலைதான். ஆகவே அக்கணனியில் யாருக்கு என்ன அதிகாரம் என்பது நமது பிரச்சினையுமாகும்.

இரு வகை அதிகாரம்

கணனியில் இரண்டு வகைக் கணக்குகள் உண்டு. பாவனையாளர் கணக்கில் கடிதம் எழுதலாம், பட்டியல் திருத்தலாம். நிர்வாகி கணக்கிலோ புதிய மென்பொருள் போடலாம், பாதுகாப்பையே நிறுத்தலாம். உர ஸ்டோரில் வேலை செய்பவர் எல்லோரிடமும் ஸ்டோர்ச் சாவி இருப்பதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நிர்வாகி கணக்கில் இருந்துகொண்டு நச்சுநிரல் உள்ள மின்னஞ்சலைத் திறந்தால், அந்த நிரலுக்கும் நிர்வாகியின் அதிகாரம் கிடைத்துவிடும். ஆகவே அன்றாட வேலைக்குப் பாவனையாளர் கணக்கே போதும்.

பூட்டு இறுகினால்

ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவிடுவதும் ஆபத்தே. அச்சு இயந்திரத்தை இணைக்க எழுதுவினைஞருக்கு அனுமதியில்லை. அனுமதி தருபவரோ கொழும்பில் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் மக்கள் நிற்கிறார்கள். அவர் பட்டியலைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு வெளிக்கடைக்குப் போவார். நமது விபரங்கள் கடைக் கணனியிலும் தங்கிவிடும். கட்டுப்பாடு வைப்பவர், உதவி கேட்டால் தாமதமின்றிச் செய்து கொடுக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் குறுக்குவழி தேடுவர்.

2023 தந்த பாடம்

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காததும் காரணமாகக் கூறப்பட்டது. அதிகாரத்தைக் குறைத்தால் மட்டும் போதாது என்பதே பாடம். சாதாரணக் கணக்கில் புகுந்த நச்சுநிரலும், அந்தக் கணக்கால் திருத்தக்கூடிய பட்டியலை அழித்துவிடும்.

நாம் செய்யக்கூடியவை

• ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிக் கடவுச்சொல்லும் இருக்கட்டும்.

• நிர்வாகி கடவுச்சொல்லைப் பொறுப்பான இருவர் அறிந்திருக்கட்டும். ஒருவர் இல்லாதபோது வேலை நிற்காது.

• உதவிக்கு அழைக்கவேண்டியவரின் பெயரைக் கணனிக்கு அருகில் எழுதி வையுங்கள், கடவுச்சொல்லை அல்ல.

• வாரம் ஒருமுறை பிரதி எடுத்து, கணனியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்தில் வையுங்கள். மலை சரிந்தாலும் அது மிஞ்ச வேண்டும்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்போம்: கணனியின் சாவி யாரிடம்? பிரதி எங்கே?