கோழி தானாகக் கூட்டில் அடைய

சிங்கப்பூரில் தரைவீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் வரும் தொல்லை அந்தியில்தான் வரும். பொழுது சாயும், கோழிகள் கூட்டுக்குள் போகாது. வலையடைப்பின் குறுக்குக் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குச்சியால் விரட்டினால் இன்னும் உயரத்துக்குப் போகும். இதை அடம் என்று நினைக்க வேண்டாம். இருட்டுவதற்குள் பத்திரமான இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அது. அந்தப் பத்திரமான இடம் கூடுதான் என்று அதற்குப் புரியவைத்தால் போதும்.

யார் வளர்க்கலாம்?

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தனியார் வீடுகளில் சொந்தத் தேவைக்குப் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். ஆனால் காட்டுப் பறவைகள் உள்ளே வராதபடி வலையும் கூரையும் போட்ட அடைப்புக்குள்தான் அவை இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் தொற்றாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எனவே இங்கே கோழி வீட்டுக்கு இரண்டு பகுதிகள் தேவை: பகலில் மேய வலையடைப்பு, அதற்குள்ளேயே இரவில் அடையக் கூடு. வாங்குவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இன்றைய விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏன் உயரம் தேடுகிறது?

வளர்ப்புக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. புலாவ் உபின் தீவில் அது இன்றும் காட்டுப் பறவையாகத் திரிகிறது. பகலெல்லாம் தரையைக் கிளறும், அந்தியில் மரக்கிளைக்கு ஏறிவிடும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. வெளிச்சம் முழுதாகப் போவதற்குள் இடம் பிடிக்காவிட்டால் இரவு முழுதும் தரையில்தான் கிடக்க வேண்டும். வீட்டுக் கோழிக்கும் இந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை.

சிங்கப்பூரில் இது நமக்குச் சாதகம். ஆண்டு முழுதும் சூரியன் மறைவது ஏறக்குறைய மாலை 6.50 மணிக்கும் 7.20 மணிக்கும் இடையில்தான். மறைந்த இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். குளிர்நாடுகளில் வளர்ப்பவர்கள் பருவத்துக்குப் பருவம் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். இங்கே ஒரே நேரத்தை வைத்துக்கொண்டு ஆண்டு முழுதும் பழக்கலாம்.

கூட்டைச் சரிசெய்யுங்கள்

கோழி அடைய மறுப்பதற்குப் பல நேரம் கூடுதான் காரணம். உள்ளே உட்காரும் கட்டை, முட்டையிடும் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டி உயரமாக இருந்தால் கோழி அதில்தான் தூங்கும், முட்டையிலெல்லாம் எச்சம் படியும். கட்டை ஐந்து செண்டிமீட்டர் அகலமுள்ள மரமாக, விளிம்பு மழுங்கியதாக இருக்கட்டும். பிளாஸ்டிக் குழாய் வழுக்கும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செண்டிமீட்டர் இடம் கொடுங்கள். கட்டைகளை ஒரே உயரத்தில் வையுங்கள். ஒன்று உயர்ந்திருந்தால் அதற்காகவே தினமும் கொத்துச் சண்டை நடக்கும். வலையடைப்பில் கூட்டைவிட உயரமான கம்பியோ பலகையோ இருந்தால் கழற்றிவிடுங்கள், அல்லது உட்கார முடியாதபடி வலையால் மூடுங்கள்.

காற்றோட்டம் மிக முக்கியம். இரவிலும் 25 டிகிரியை ஒட்டிய புழுக்கத்தில், எச்சத்தின் காரநெடி தேங்கிய கூட்டுக்குள் எந்தக் கோழியும் விரும்பிப் போகாது.

பழக்கும் முறை

புதுக் கோழிகளைத் தொடக்கத்தில் ஐந்து முதல் ஏழு நாள் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். கூடு நிழலில் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் அவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அடைப்புக்குள் திறந்துவிட்டு, நாலு மணிக்குமேல் மறுபடி கூட்டில் விடுங்கள்.

பிறகு மாலைத் தீனியைக் கூட்டுக்குள் மட்டுமே போடுங்கள். லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் கிடைக்கும் கம்போ சோளமோ ஒரு கைப்பிடி போதும். ஆறரை மணிக்கு, தினமும் ஒரே குரலில் "பா... பா..." என்று கூப்பிட்டுத் தூவுங்கள். மதியத்துக்குமேல் வேறு தின்பண்டம் வேண்டாம். பசி இருந்தால்தான் கூப்பிட்ட குரலுக்கு வரும்.

ஏழு மணிக்குக் கூட்டுக்குள் ஒரு மங்கலான விளக்கைப் போடுங்கள். வெளியே இருள, உள்ளே வெளிச்சமாக இருந்தால் கோழி அங்கேதான் போகும். அப்போது கொஞ்ச நேரம் பாருங்கள்: ஒன்று கட்டையில் ஏறும், பக்கத்தில் இருப்பது கொத்தும், இறங்கும், கழுத்தை நீட்டி மறுபடி இடம் பார்க்கும், இன்னொன்று நடுவில் நெருக்கிக்கொண்டு உட்காரும். இந்தத் தள்ளுமுள்ளு அடங்கி எல்லாம் உட்கார்ந்த பிறகே விளக்கை அணையுங்கள். பாதியில் அணைத்தால் கீழே நிற்பவை தரையிலேயே தங்கிவிடும்.

வெளியே தங்கிவிட்டவற்றை விரட்ட வேண்டாம். நன்றாக இருட்டிய பிறகு போனால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இறக்கையோடு சேர்த்து இரு கையாலும் தூக்கிக் கட்டையில் உட்கார வையுங்கள். ஓரிரு வாரம் விடாமல் செய்தால் பெரும்பாலானவை தாமாகவே போகத் தொடங்கும். முட்டைப் பெட்டியில் தூங்குபவை இருந்தால் மாலையில் பெட்டியை அட்டையால் மூடி, விடிந்ததும் திறந்துவிடுங்கள்.

பழகியது திடீரென மறுத்தால்

அடைந்துகொண்டிருந்த கோழி ஒருநாள் கூட்டுக்கு வர மறுத்தால் முதலில் செவ்வுண்ணியைச் சந்தேகியுங்கள். பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும் பூச்சி அது. இருட்டியதும் டார்ச்சோடு போய், கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கறை படிந்தால் அதுதான். கூட்டைக் காலி செய்து இடுக்குகளைச் சுத்தம் செய்ய வேண்டும். மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

இன்னொரு காரணம், இரவில் ஏதோ வந்து பயமுறுத்தியிருக்கலாம். சிங்கப்பூரின் கால்வாய்களில் மலைப்பாம்பு உண்டு, தரைவீட்டுப் பேட்டைகளில் மரநாய் உண்டு, எலிக்குப் பஞ்சமே இல்லை. பெரிய கண்ணுள்ள கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, குட்டிப் பாம்பும் எலியும் உள்ளே வருவதைத் தடுக்காது. ஒரு செண்டிமீட்டர் அளவில் கண்ணுள்ள பற்றவைத்த கம்பி வலை போடுங்கள். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் அடிக்கும் சுமத்ராக் காற்றுமழையையும் நினைவில் வையுங்கள். வெளிக்கம்பியில் தூங்கிய கோழி அதில் முழுதாக நனைந்துவிடும்.

சேவல் வேண்டுமா?

முட்டைக்குச் சேவல் தேவையில்லை; அதன் கூவலோ புகாரைக் கிளப்பும். 2017இல் சின் மிங் அவென்யூ பக்கம் திரிந்த 24 கோழிகள், சத்தம் பற்றி வந்த புகார்களுக்குப் பிறகு கொல்லப்பட்டன. ஊரே அதைப் பேசியது. கூட்டை இருட்டாக வைத்தால் கூவாது என்பதும் முழு உண்மை இல்லை. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, வெளிச்சம் தெரியாவிட்டாலும் விடியலை ஒட்டிக் கூவும் என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய ஊரில் பெட்டைகளை மட்டும் வளர்ப்பதே அக்கம்பக்கத்தாருக்கும் கோழிக்கும் நல்லது.

இவ்வளவு பாடும் முதல் கூட்டத்துக்கு மட்டும்தான். பின்னால் புதிதாக வாங்குபவற்றைச் சில வாரம் தனியே வைத்து, நோய் இல்லை என்று தெரிந்ததும், இருட்டிய பிறகு பழைய கோழிகளுக்கு நடுவே கட்டையில் உட்கார வையுங்கள். மறுநாள் அந்தியில் பழையவை போகும் வழியே புதியவையும் போகும். உங்கள் வேலை, எண்ணிப் பார்த்துத் தாழ்ப்பாள் போடுவதுதான். அதை மட்டும் ஓர் இரவும் விடாதீர்கள்.