கோடிங் வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்திலும் குளச்சலிலும் படகேறும் கடியப்பட்டணத்துக்காரர்கள் வீட்டில் கையில் காசு புரளாத நேரம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் செல்போனில் ‘ஆறே மாதத்தில் சாப்ட்வேர் வேலை உறுதி’ விளம்பரம் வருவதும் இதே நேரத்தில்தான். ‘இப்போது பணமே வேண்டாம், மாதத் தவணை போதும்’ என்பார்கள். அந்தத் தவணை பெரும்பாலும் பிள்ளையின் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ எடுக்கப்படும் கடன். பாதியில் வகுப்பு பிடிக்காமல் போனாலும் கடன் நிற்காது.

ஆகவே முதல் கேள்வி, எது பிடிக்கும் என்பது. அதற்குப் பணம் தேவையில்லை, சில வார இறுதிகள் போதும். வள்ளத்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் விழுந்த தொகையில் மண்ணெண்ணெய், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைக்கிறோம். இதைப் பைத்தான் நிரல்மொழியில் பத்து வரியில் எழுதலாம். எழுதும்போது ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் நிரல் ஓடாது. தேடிப் பிடித்துத் திருத்தி, சரியான தொகை திரையில் வந்ததும் மகிழ்ச்சி வருகிறதா? அப்படியானால் பைத்தான், தரவுத்தளம் என்று அந்த வழியிலேயே போகலாம். கணக்கைவிட அது திரையில் எப்படித் தெரிகிறது என்பதில் மனம் போனால் ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைக்கு ஆர்டுயினோ மின்னணுப் பலகை. அண்ணன் ஜாவா படித்தான் என்பதற்காகத் தம்பியையும் அதிலேயே தள்ள வேண்டாம்.

இலவச வழிகள் தமிழிலேயே இருக்கின்றன. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழில் கேட்கலாம். ஹெச்டிஎம்எல், மைஎஸ்க்யூஎல் பற்றிக் கணியம் இணைய இதழ் வெளியிட்ட மின்னூல்களுக்கு விலையே இல்லை. கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு 2022இல் தொடங்கிய தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் உண்டு. இவற்றைத் தொட்டுப் பார்க்காமல் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுவது தவறு என்றே சொல்வேன்.

விளம்பரத்தை நம்பாதீர்கள் என்பதற்குச் சான்று உண்டு. வுல்ஃப் குப்தா என்ற சிறுவன் கோடிங் படித்துக் கூகுளில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குவதாக 2020இல் ஒயிட்ஹாட் ஜூனியர் என்ற கோடிங் பயிற்சி நிறுவனம் விளம்பரம் செய்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்ட பிறகு அந்த நிறுவனம் ஐந்து விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. பயிற்சி மையங்கள் வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

சேர்வதென்று முடிவானால், பணத்தைத் திருப்பித் தரும் விதியை எழுத்தில் கேளுங்கள். ரசீது வாங்குங்கள், தர மறுப்பதே சட்டப்படி முறையற்ற வணிகம். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். செயலி வழியாகக் கடன் என்றால், வட்டி உட்பட மொத்தச் செலவைக் காட்டும் விவரத்தாளைக் கடன் கொடுப்பவர் தந்தாக வேண்டும். குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அசலையும் அதுவரையான விகிதாசாரச் செலவையும் கட்டி, அபராதமின்றி வெளியேறவும் ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. இந்த அவகாசம் பலருக்குத் தெரியாமலே கழிந்துவிடுகிறது.

ஏமாந்துவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்கு விலக்கல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டு. போலி நிறுவனம் இணையத்தில் பணத்தைப் பறித்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

எந்தப் புகாருக்கும் ஆதாரம் வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், ரசீது மூன்றையும் சேரும் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.